கூலிக் கணக்கில் வராத சுமை
(வெண்மணி நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெண்மணி நினைவு நாளில் நாம் நிலத்தைப் பற்றிப் பேசுவோம், கூலியைப் பற்றிப் பேசுவோம், கிடைக்காத நீதியைப் பற்றிப் பேசுவோம். இந்த ஆண்டு, வயிற்றில் பிள்ளையோடு வயலில் குனிந்து நிற்கும் பெண்ணைப் பற்றிப் பேச விரும்புகிறோம் என்று அரங்கத் தோழர்களிடம் சொன்னோம். "இது டாக்டர் பேச வேண்டிய விஷயம் இல்லையா?" என்று ஒரு தோழர் கேட்டார். டாக்டரும் பேச வேண்டும். ஆனால் யாருடைய வயிற்றுப் பிள்ளை எடை குறைந்து பிறக்கிறது, ஏன் பிறக்கிறது என்ற கேள்வியில் சாதி இருக்கிறது, கூலி இருக்கிறது, சட்டம் இருக்கிறது. அதனால் இது நம் மேடைக்கு உரிய விஷயம்.

1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும்தான் அந்தச் சேரி மக்கள் செய்த குற்றம். அந்த நெல் எந்த வேலைக்கான கூலி? நடவுக்கும் களைக்கும் அறுப்புக்குமான கூலி. நடவும் களையும் அன்றும் இன்றும் பெண்கள் செய்யும் வேலை. ஒரு நடவு ஆளுக்கு எத்தனை படி என்று கணக்கு பேசப்பட்டது. நடும் பெண்ணின் வயிற்றில் இருந்த உயிர் அந்தக் கணக்கில் வரவில்லை. ஆண்டை கணக்கில் வராதது அதிசயம் இல்லை. அரசின் கணக்கிலும் மருத்துவமனையின் கணக்கிலும் இன்றைக்கும் அது வரவில்லை என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு பேச்சைத் தள்ளிவைத்துவிட வேண்டும். "குனிஞ்சு நிமிர்ந்து வேலை செஞ்சாத்தான் சுகப்பிரசவம் ஆகும்." இதைக் கேட்காதவர் இந்த அரங்கில் இருக்க மாட்டீர்கள். இதற்கு ஒரு தங்கச்சிப் பேச்சும் உண்டு: "அந்தக் காலத்துல நாத்து நட்டுக்கிட்டே வரப்புல புள்ள பெத்துட்டு மறுபடியும் வயல்ல இறங்குவாங்க." இதைப் பெருமையாகச் சொல்பவர்களில் பலர் வயலில் இறங்கியதில்லை. வரப்பில் பிறந்த எத்தனை பிள்ளைகள் பிழைத்தன என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதி வைக்கவில்லை. அந்தத் தாய் மறுபடியும் இறங்கியது உடல் வலிமையால் என்று சொல்வது, அன்றைய கூலி போய்விடும் என்ற பயத்தை மறைக்கிற பேச்சு.

கர்ப்பிணிக்கு உடல் அசைவு நல்லது என்பது உண்மை. நடை, மூச்சுப்பயிற்சி, மிதமான உடற்பயிற்சி எல்லாம் தாய்க்கும் பிள்ளைக்கும் உதவுகின்றன. ஆனால் உடற்பயிற்சியில் களைத்தால் நிறுத்தலாம், தண்ணீர் குடிக்கலாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கூலி வேலையில் எப்போது நிறுத்துவது என்பதை மேஸ்திரி முடிவு செய்கிறார். நிறுத்தும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதில்தான் உடற்பயிற்சியும் உழைப்பும் பிரிகின்றன.

அந்த உழைப்பு என்னவென்று பார்ப்போம். இன்று காவிரிப் பாசனப் பகுதியில் நடவு பெரும்பாலும் காண்ட்ராக்ட் நடவு. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, ஒரு கூட்டமாக இறங்குகிறார்கள். கணுக்கால் புதையும் சேற்றில், இடுப்பை மடித்துக் குனிந்து, பின்னோக்கி நகர்ந்தபடி மணிக்கணக்கில் நட வேண்டும். ஒருத்தி பின்தங்கினால் கூட்டத்துக்கே நேரம் போகும், எல்லோர் கூலியும் குறையும். அதனால் ஆறு மாதப் பெண் தன் உடம்புக்கு ஏற்ற வேகத்தில் நட முடியாது, கூட்டத்தின் வேகத்தில்தான் நட வேண்டும். முடியவில்லை என்றால் அடுத்த நாள் அவளைக் கூப்பிட மாட்டார்கள். நாங்கள் பேசிய பெண்களில் பலர், முடிந்தவரை வயிறு தெரியாமல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் வேலைக்குப் போனதாகச் சொன்னார்கள்.

செங்கல் சூளையில் நிலைமை வேறு விதம். அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து முன்பணம் வாங்கியிருப்பார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. ஒரு கல் சுமார் மூன்று கிலோ. ஆயிரம் கல் அறுத்து அடுக்கினால் மூன்று டன் எடை கைமாறுகிறது. மனைவி உட்கார்ந்துவிட்டால் கல் எண்ணிக்கை குறையும், கடன் நிற்கும், சூளையை விட்டுப் போக முடியாது. கட்டட வேலையில் சித்தாளாகச் சாந்துச் சட்டி சுமப்பவளுக்கும், விடியுமுன் தெரு கூட்டிக் குப்பை வண்டி தள்ளும் தூய்மைப் பணியாளருக்கும் இதே கதைதான். இதற்கு மேல் விறகு, தண்ணீர், சமையல், மூத்த பிள்ளை. இந்த இரண்டாம் ஷிப்டுக்குக் கூலியும் இல்லை, கணக்கும் இல்லை.

இந்த உழைப்பு கருவை என்ன செய்கிறது? உடல் கடுமையாக உழைக்கும்போது இரத்தம் தசைகளுக்குப் பாய்கிறது, கருப்பைக்குப் போகும் இரத்தம் குறைகிறது. ஓய்வு எடுத்தால் அது சரியாகும். ஓய்வே இல்லாமல் மணிக்கணக்கில் தொடர்ந்தால் பிள்ளைக்குப் போகும் உணவும் ஆக்சிஜனும் குறையும். நெடுநேரம் நின்றால் கால்களிலிருந்து இதயத்துக்கு இரத்தம் திரும்புவது குறைகிறது. பாரம் தூக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் வற்றினால் குறை மாதத்திலேயே வலி வரலாம்.

உணவுக் கணக்கையும் பாருங்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 55 கிலோ எடையுள்ள பெண் உட்கார்ந்து வேலை செய்பவராக இருந்தால் நாளுக்கு 1,660 கிலோகலோரி வேண்டும். கடும் உடலுழைப்பு செய்பவராக இருந்தால் 2,720. வித்தியாசம் 1,060. கர்ப்பிணிக்குக் கூடுதலாக அந்த நிறுவனம் சொல்வது 350. பிள்ளை கேட்பது 350, வயல் கேட்பது 1,060. சாப்பாடு போதாத உடம்பில் முதலில் எடுத்துக்கொள்வது வயல்தான். மிச்சம் இருந்தால்தான் பிள்ளைக்கு. சத்துமாவையும் இரும்புச் சத்து மாத்திரையையும் கொடுத்துவிட்டு வேலையைப் பற்றி எதுவும் கேட்காமல் இருப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்ளும் வேலை.

இது ஊகம் இல்லை. 1990களில் புனேக்கு அருகில் ஆறு கிராமங்களில் கேஇஎம் மருத்துவமனை ஆய்வாளர்கள் ஏறத்தாழ 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். வயல் வேலை, தண்ணீர் சுமப்பது, வீட்டு வேலை எல்லாவற்றையும் சேர்த்து அவர்களின் உழைப்பை 18ஆம் வாரத்திலும் 28ஆம் வாரத்திலும் அளந்தார்கள். உழைப்பு கூடக்கூடப் பிறந்த பிள்ளையின் எடையும், தலைச் சுற்றளவும், கைச் சுற்றளவும் குறைந்திருந்தன. கர்ப்பத்துக்கு முன் தாயின் எடை, கர்ப்ப காலத்தில் கூடிய எடை, எத்தனையாவது பிள்ளை என்பதையெல்லாம் கணக்கில் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. இந்த முடிவுகள் 2003இல் வெளிவந்தன. 18ஆம் வாரம் என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சட்டத்தைப் பற்றிப் பேசும்போது அது மறுபடியும் வரும்.

2000ஆம் ஆண்டில், 29 ஆய்வுகளில் இடம்பெற்ற 1,60,000க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். கடும் உடலுழைப்புக்கும் குறைப்பிரசவம், வயிற்றில் வளர்ச்சி குன்றுதல், கர்ப்ப கால இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பது தெரிந்தது. அதில் கண்ட ஆபத்தின் அளவு மிதமானதுதான். இங்கே அதே உழைப்பு இரத்தசோகை உள்ள உடம்பின் மேல் விழுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு இரத்தசோகை.

நம் மாநிலத்திலேயே செய்த ஆய்வும் இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017இல் தொடங்கித் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்தார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்கள். வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கரு கலையும் ஆபத்து இரண்டு மடங்காக இருந்தது. வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் செய்தியைச் சொல்ல ஆய்வாளர் தேவையில்லை. ஆனால் அரசிடம் சொல்வதற்கு ஆய்வு தேவைப்படுகிறது. இப்போது அதுவும் கையில் இருக்கிறது.

இனி சாதிக்கு வருவோம். நம் ஊர்களில் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கம் உண்டு. கடைசி மாதங்களில் ஓய்வு வேண்டும் என்ற அறிவு அந்த வழக்கத்துக்குள் இருக்கிறது. நிலம் உள்ள வீட்டுப் பெண் தாய் வீட்டில் படுத்திருக்க முடிகிறது, ஏனென்றால் அந்த வீட்டு வயலில் வேறொரு பெண் குனிந்து நிற்கிறாள். சேரிப் பெண்ணின் தாய் வீடும் கூலி வீடுதான். அங்கே போனால் அம்மாவோடு சேர்ந்து வேறு வயலுக்குப் போகிறாள். அரசும் சமுதாய வளைகாப்பு நடத்துகிறது, கலவை சாதம் போட்டு, வளையல் அணிவித்து, படம் எடுத்து அனுப்புகிறது. வளையல் போட்ட கை மறுநாள் காலையில் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. தாழ்த்தப்பட்டவர்கள் கையில் நிலம் சேராமல் தடுத்த வரலாறே, அவர்கள் பெண்களின் கர்ப்பத்துக்கு ஓய்வு சேராமலும் தடுத்திருக்கிறது.

ஒன்றியத்தின் ஆறு மாநிலங்களில் 2019இல் ஜான் திரேஸ், ரீத்திகா கேரா முதலியோர் நடத்திய ஆய்வில், பிரசவ நாள் வரை வேலை செய்ததாகச் சொன்ன பெண்கள் 63 சதவீதம். கர்ப்ப காலத்தில் கூடிய எடை சராசரியாக 7 கிலோ மட்டுமே.

பிள்ளை 2,500 கிராமுக்குக் கீழே பிறந்தால் எடை குறைவு என்று எழுதுகிறார்கள். அதன் பிறகு நடக்கும் உரையாடலை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். "ஏம்மா, மாத்திரை ஒழுங்கா போட்டியா? சத்தா சாப்பிட்டியா?" "போட்டேன்க்கா." "போட்டிருந்தா இப்படியா பொறக்கும்?" அதோடு தாய் குற்றவாளி ஆகிவிடுகிறாள். எத்தனை மாதம் வரை நடவுக்குப் போனாய், எத்தனை சட்டி சுமந்தாய் என்ற கேள்வி வருவதில்லை. தொழில் என்ன என்று கேட்டால் 'கூலி' என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று டன் கல் இருக்கிறது.

சட்டம் என்ன செய்தது? 1928 ஜூலையில் பம்பாய் சட்ட மன்றத்தில் பேறுகால உதவி மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே தேவை, அதனால் அந்தச் செலவில் பெரும் பங்கை அரசு ஏற்க வேண்டும், அந்தப் பெண்ணின் உழைப்பால் லாபம் பெறும் முதலாளியும் ஒரு பங்கை ஏற்பது நியாயம் என்பது அவர் வாதம். தாயின் ஓய்வைக் குடும்பத்தின் தயவு என்பதிலிருந்து எடுத்து நாட்டின் கடமை என்று வைத்த வாதம் அது. 1929இல் பம்பாயில் சட்டம் வந்தது. ஆனால் அது ஆலைகளுக்கான சட்டம். ஆலைக்கும் வயலுக்கும் நடுவில் அன்று விழுந்த கோடு இன்னும் அழியவில்லை.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தொழிற்சாலைக்கும் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் பொருந்தியது. 2017 திருத்தம் சம்பளத்துடன் கூடிய விடுப்பை 26 வாரம் ஆக்கியது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதே எல்லைக்குள்தான் நிற்கிறது. நடவுப் பெண்ணுக்கு நிரந்தர முதலாளி இல்லை. இன்று ஒரு வயல், நாளை வேறு வயல். அதனால் சட்டத்தின் கண்ணுக்கு அவள் தெரிவதில்லை.

1961 சட்டத்தில் கடின வேலையைப் பற்றி ஒரு பிரிவு இருந்தது. கடினமான வேலையையோ, நெடுநேரம் நிற்கும் வேலையையோ, கருவைப் பாதிக்கும் வேலையையோ கர்ப்பிணியிடம் வாங்கக் கூடாது என்றது. நல்ல பிரிவுதான். ஆனால் அந்தப் பெண் தானே கேட்டுக்கொண்டால்தான் அது செல்லும் என்று இருந்தது. கேட்டால் வேலை போகும் என்று பயப்படுகிறவள் எப்படிக் கேட்பாள்? காலத்தையும் பாருங்கள். பிரசவத் தேதிக்கு ஆறு வாரத்துக்கு முந்தைய ஒரு மாதமும், அந்த ஆறு வாரத்தில் விடுப்பு எடுக்காத நாட்களும்தான் அந்தப் பாதுகாப்பின் காலமாக இருந்தது. அதாவது சுமார் 30ஆம் வாரத்தில்தான் அது தொடங்கியது. புனே கிராமங்களில் 18ஆம் வாரத்து உழைப்பே பிள்ளையின் எடையோடு தொடர்புடையதாக இருந்தது. சட்டம் வந்து சேரும்போது பாதிப் பயணம் முடிந்துவிட்டிருந்தது.

பணக் கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் அரசுப் பெண் ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு. அதை வரவேற்கிறோம், அதில் ஒரு நாளைக்கூடக் குறைக்கக் கூடாது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள பெண்ணுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய். அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது, 14,000 ரொக்கம். அந்த ரொக்கமும் தவணைகளில்தான், ஒரு பங்கு பிரசவத்துக்குப் பிறகு. நாள் கூலி 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 14,000 ரூபாய் 46 நாள் கூலி. ஒரு பிள்ளைக்கு 365 நாள், இன்னொரு பிள்ளைக்கு 46 நாள். தவணைகள் பதிவுக்கும் பரிசோதனைக்கும் மருத்துவமனைப் பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் கட்டுப்பட்டவை, ஓய்வுக்குக் கட்டுப்பட்டவை இல்லை. மூன்றாவது பிள்ளைக்கு அதுவும் இல்லை. ஒன்றிய அரசு 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் என்று எழுதிவிட்டு, 2017இல் கொண்டுவந்த திட்டத்தில் முதல் பிள்ளைக்கு மட்டும் 5,000 என்று சுருக்கியது.

நூறு நாள் வேலைத் திட்டத்துக்கான வழிகாட்டு நெறிகளில், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வீட்டுக்கு அருகில், குறைந்த உழைப்பு உள்ள வேலை தர வேண்டும் என்று எழுதப்பட்டது. நாங்கள் போய்ப் பார்த்த பணித்தளங்களில் இந்த நெறியை அறிந்த பொறுப்பாளர்கள் அபூர்வம். எழுதிய நெறியை நம் மக்களிடம் கொண்டு சேர்க்கும் வேலை நம்முடையது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கர்ப்பிணிகள் கடின வேலை செய்யக் கூடாது என்று தடை போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கூலியை ஈடுகட்டாத தடை பட்டினியில் முடியும். மேஸ்திரிக்கு அது வசதியாகப் போகும், "சட்டம் வேண்டாங்குது, நீ வராதே" என்பார். அவளும் வயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இன்னும் குறைந்த கூலிக்கு, இன்னும் தூரமான வயலுக்குப் போவாள். அதனால் நாம் தடை கேட்கவில்லை. கூலியோடு கூடிய ஓய்வைக் கேட்கிறோம். ஓய்வு வேண்டாம், வேலைக்கு வருகிறேன் என்பவளுக்கு இலகுவான வேலை கேட்கிறோம்.

நம் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று, கர்ப்பப் பதிவில் உழைப்பை எழுத வேண்டும். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு பாரம், வெயிலிலா நிழலிலா, எந்த மாதம் வரை. எழுதாத வரை அது தாயின் தவறாகவே இருக்கும்.

இரண்டு, ஐந்தாம் மாதத்திலிருந்து கூலி ஈடு வேண்டும். அது மொத்தமாகத் தரும் உதவித்தொகையாக இல்லாமல், குறைந்தபட்சக் கூலியோடு இணைந்து மாதா மாதம் கைக்கு வர வேண்டும். எத்தனையாவது பிள்ளை என்ற வரம்பு அதற்குக் கூடாது. வரம்பு தாய்க்குப் போட்டதாகத் தெரியலாம், தண்டனை பிறக்கும் பிள்ளைக்குத்தான்.

மூன்று, அதற்கான பணம். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல வரி வாங்க 1996இல் சட்டம் வந்தது. கட்டடத்துக்கு முடிந்தது நெல்லுக்கும் செங்கல்லுக்கும் உப்புக்கும் ஏன் முடியாது? லாபம் பெறுபவரும் ஒரு பங்கைத் தரட்டும் என்று அண்ணல் 1928இல் சொன்னதன் தொடர்ச்சிதான் இது.

நான்கு, வேலை நடக்கும் இடத்தில் நிழல், குடிநீர், கழிப்பிடம், உட்காரும் நேரம். இவை கர்ப்பிணிக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் வேண்டியவை. ஆனால் கர்ப்பிணிக்கு இவை இல்லாமல் போனால் இரண்டு உயிர் கணக்கு.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் ஊரில், உங்கள் தெருவில், கடந்த ஐந்து ஆண்டில் பிள்ளை பெற்ற பெண்களிடம் போய் உட்காருங்கள். பிள்ளை என்ன எடை என்று கேளுங்கள், எந்த மாதம் வரை என்ன வேலை செய்தாய் என்றும் கேளுங்கள். கலைந்த கருவையும் செத்துப் பிறந்த பிள்ளையையும் மெதுவாகக் கேளுங்கள், சொல்ல விரும்பாதவரை விட்டுவிடுங்கள். பெயர் எழுத வேண்டாம், வேலையை எழுதுங்கள். பத்து ஊர்களில் இதைச் செய்தால் எந்த அதிகாரியும் "தரவு இல்லை" என்று சொல்லித் தப்ப முடியாது.

எழுதுகிறவர்களுக்கும் ஒன்று. பாமாவின் 'சங்கதி' 1994இல் வந்தபோது, நம் பெண்களின் உழைப்பும் உடம்பும் அவர்கள் பேசும் மொழியிலேயே அச்சேறின. அந்த வழியில் இன்னும் நிறைய நடக்க வேண்டியிருக்கிறது. உழைக்கும் பெண்ணின் வலிமையைப் போற்றி எழுதுவது எளிது. அந்த வலிமைக்கு அவளும் பிள்ளையும் கொடுத்த விலையை எழுதுவதுதான் நம் எழுத்தின் வேலை.

வெண்மணியில் நம் மக்கள் கேட்டது தாங்கள் உழைத்த நெல்லில் தங்களுக்கு உரிய பங்கு. 2,500 கிராமுக்குக் கீழே பிறக்கும் நம் பிள்ளைகளின் உடம்பில் குறைகிற ஒவ்வொரு கிராமும் எவரோ ஒருவரின் விளைச்சலிலும் கட்டடத்திலும் சேர்ந்திருக்கிறது. அதைத் திருப்பிக் கேட்பதும் கூலிப் போராட்டம்தான். வரும் நடவுக்கு முன்னால் அந்தக் கேள்வியை ஒவ்வொரு கிராம சபையிலும் எழுப்புவோம்.